பழைய லேண்ட் ரோவரை மீட்டமைத்தல்

பழம்பொருளைப் பேணுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார் அதனைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காப்பர். மற்றொரு சாரார் அதனை மீண்டும் பயன்படச் செய்து காப்பர். நாணயமும் ஓவியமும் முதல் முறைக்கு உரியவை. ஓடுவதற்கென்றே செய்யப்பெற்ற வண்டியோ, ஓடாது நிற்குமாயின் அதன் உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகிப் பயனற்றுப் போகும். ஆதலின், பழைய மோட்டார் வண்டிகளை வாங்கிப் பழுது நீக்கி மறுபடியும் சாலையில் ஓடச் செய்யும் முயற்சி பல நாடுகளில் ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது.

அக்கலையில், சேற்றிலும் மேடு பள்ளங்களிலும் செல்லவல்ல நாற்சக்கர இயக்க வண்டிகளுக்குத் தனி இடம் உண்டு. இவற்றின் அமைப்பு எளியது. திருகாணிகளைக் கழற்றினால் பெரும்பாலான உறுப்புகளைத் தனித்தனியே பிரித்து விடலாம். இவ்வகையில் மலேசிய, சிங்கப்பூர் மக்கள் நன்கு அறிந்தது பிரிட்டனில் பிறந்த லேண்ட் ரோவர். அதனை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பழைய வண்டியொன்றை மீட்டமைக்கும் நோக்குடன் வாங்குவோர் அறிய வேண்டுவன எவை, மீட்டமைத்தல் என்னும் சொல்லுக்கு உண்மைப் பொருள் யாது என்பவற்றை ஈண்டுக் காணலாம்.

பிறப்பு வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா இலட்சக்கணக்கான ஜீப் வண்டிகளைச் செய்தது. போர் முடிந்தபின் அவற்றுட் பல உழவர்களின் கைக்கு வந்தன. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராயிருந்த மாரிஸ் வில்க்ஸ் என்பார், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சித் தீவிலிருந்த தம் பண்ணையில் அத்தகைய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்து போனால் அதற்கு ஈடாக வாங்குவதற்கு வேறு வண்டி இல்லை என்பதை அவர் உணர்ந்தார். அவரும், நிறுவனத்தின் நிருவாகத் தலைவராயிருந்த அவர் தமையனார் ஸ்பென்சர் வில்க்ஸும் உழவுத் தொழிலுக்கேற்ற வண்டியொன்றைத் தாமே செய்யத் துணிந்தனர். 1947-ஆம் ஆண்டில் ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே முதல் மாதிரி வண்டி உருவாயிற்று. 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் லேண்ட் ரோவர் உலகின் பார்வைக்கு வந்தது.

போருக்குப் பிந்திய அக்காலத்தில் பிரிட்டனில் எஃகுக்குப் பெருந்தட்டுப்பாடு இருந்தது. வானூர்தித் தொழிலுக்குப் பயன்பட்ட அலுமினியமோ எளிதிற் கிடைத்தது. ஆகவே வண்டியின் மேலுடலை அலுமினியக் கலவைத் தகடுகளால் அமைத்தனர். பாரம் தாங்கும் அடிச்சட்டம் எஃகாக இருந்தது. அதனை வார்த்தெடுக்கப் பெரிய அச்சு இயந்திரங்களை வாங்காமல், நான்கு தட்டைத் தகடுகளை விளிம்பொடு விளிம்பு பற்றவைத்துப் பெட்டி போன்ற உள்ளீடற்ற குழாயாகச் செய்தனர். தட்டுப்பாட்டுக் காலத்தில் செய்யப்பெற்ற இவ்விரு முடிவுகளே வண்டியின் வலிமைக்கும் காரணமாயின. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் அதை வாங்குவோர் காணும் தொல்லைகளுக்கும் காரணமாயின. அஃது எவ்வாறு என்பது பின்னர் விளங்கும்.

இந்நாட்டுத் தொடர்பு

லேண்ட் ரோவர் வெளிவந்த அதே 1948-ஆம் ஆண்டு ஜூன் திங்களில்தான் மலாயாவில் அவசர காலம் அறிவிக்கப்பெற்றது. 1960 ஜூலை 31-ஆம் நாள் வரை நீடித்த அக்காலத்தில் படையினரும் காவல் துறையினரும் இவ்வண்டியைப் பெரிதும் பயன்படுத்தினர். பால்மரத் தோட்டங்களின் செம்மண் சாலைகளிலும் அது ஓடிற்று. மழைக்காலத்தில் மற்றக் காடிகள் புதையும் இடத்திலும் நான்கு சக்கரமும் இழுக்கும் இவ்வண்டி கடந்து சென்றது. கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் சுமை இழுத்து வருகின்றன. பழைய உறுப்புகளைத் தேடுவோரும், அவற்றைச் செப்பனிடும் கைத்திறன் உடையோரைத் தேடுவோரும் அம்மலையை நாடிச் செல்வதற்குக் காரணம் இதுவே.

சிங்கப்பூருக்கும் இவ்வண்டியின் வரலாற்றில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர் இரண்டு லேண்ட் ரோவர்களில் இலண்டனை விட்டுப் புறப்பட்டனர். ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் இந்தியாவையும் கடந்து, போர்க்காலத்தில் அமைத்த ஸ்டில்வெல் சாலை வழியாகப் பர்மாவுக்குள் புகுந்து, 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தனர். அவருள் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர் அப்பயணத்தை நூலாக எழுதினார். அவ்விரு வண்டிகளுள் கேம்பிரிட்ஜ் எனப் பெயர் பெற்றது பின்னொரு பயணத்தின்போது ஈரானில் பள்ளத்தில் வீழ்ந்து அழிந்தது. ஆக்ஸ்போர்டு எனப் பெயர் பெற்றது அட்லாண்டிக் மாகடலின் அசென்ஷன் தீவுக்கும், பின்னர்ச் செயின்ட் ஹெலினாத் தீவுக்கும் சென்று நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. 2017-ஆம் ஆண்டில் அது பிரிட்டனுக்கு மீட்டுக் கொணரப்பட்டு, பழுது நீக்கப்பெற்றது. 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, வந்த வழியே திரும்புவது போல நிலவழியாகப் பயணம் செய்து, அவ்வாண்டு டிசம்பரில் இலண்டனை அடைந்தது. முதுமை எய்தியிருந்த ஸ்லெஸ்ஸர் தாமே செல்ல எண்ணியிருந்தும் உடல்நலம் இடந்தராமையால், அவருடைய பேரர் அவரிடத்தில் சென்றார். மீட்டமைப்பின் பயன் எத்தகையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இன்னதென அறிதல்

வாங்க எண்ணுவோரின் முதற்கடமை, எதிரில் நிற்பது எவ்வகை வண்டி என்று அறிதல். விற்பவர் கூறும் ஆண்டினை மட்டும் நம்புதல் கூடாது. முன் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து பின் சக்கரத்தின் நடுப்புள்ளி வரை அளந்தால் பாதி உண்மை வெளிப்பட்டு விடும். 80 அங்குலமாயின் அது 1948 முதல் 1953 வரை செய்யப்பட்ட தொடக்க கால வண்டி. 86 அங்குலமும் 107 அங்குலமும் அதனை அடுத்து வந்தவை. 88, 109 என்னும் அளவுகள் 1956-ஆம் ஆண்டில் தோன்றி நெடுங்காலம் நிலைத்தன. 1958-இல் இரண்டாம் வரிசையும் 1971-இல் மூன்றாம் வரிசையும் தொடங்கின. மூன்றாம் வரிசை 1985 வரை செய்யப்பட்டது. முகப்பு விளக்குகள் நடுவில் நெருங்கியிருப்பின் பழையது; இருபுறத் தகடுகளில் அமைந்திருப்பின் 1960-களின் இறுதியிலோ அதற்குப் பின்னரோ செய்யப்பட்டது. இவை பொதுவாகப் பயன்படும் அடையாளங்கள்.

பொதுவாக என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. இவ்வண்டியின் உறுப்புகள் ஒரு வரிசையிலிருந்து மற்றொரு வரிசைக்கு எளிதிற் பொருந்துவன. ஆகவே ஒரு வண்டியில் மூன்று வண்டிகளின் உறுப்புகள் கூடியிருத்தல் வியப்பன்று. எஞ்சின் பழுதுற்ற காலத்தில் வேறு நிறுவனத்தின் டீசல் எஞ்சினைப் பொருத்தியிருத்தலும் உண்டு. ஆதலின், அடிச்சட்டத்தில் பொறித்த எண், தடுப்புச் சுவரில் பதித்த தகட்டின் எண், எஞ்சின் எண், பதிவு ஏட்டில் உள்ள எண் ஆகிய நான்கையும் ஒப்புநோக்குதல் வேண்டும். எண் ஒவ்வாத வண்டி எத்துணை அழகியதாயினும், அதனைச் சட்டப்படி சாலையில் ஓட்டுவது அரிதாகலாம். இதனைப் போக்குவரத்துத் துறையினரிடம் பணம் கொடுக்குமுன் கேட்டறிவதே அறிவுடைமை.

துருவின் இயல்பு

மேலுடல் அலுமினியமாதலின் லேண்ட் ரோவர் துருப்பிடிக்காது என்று பலர் நம்புகின்றனர். இஃது அரைகுறை உண்மை. முன்னர்க் கூறிய பெட்டி வடிவச் சட்டத்தினுள் நீரும் சேறும் புகுந்தால் எளிதில் வெளியேறா. வெளியே வண்ணம் பூசியிருக்க, உள்ளிருந்தே எஃகு அரிக்கப்பட்டு வரும். மாங்கனியை வண்டு குடைவது போன்றது இது; தோலில் குறை தெரியாது.

இதனைக் கண்டறியும் வழி எளிது. சிறு சுத்தியல் கொண்டு சட்டத்தை நெடுகத் தட்டிச் செல்ல வேண்டும். நல்ல எஃகு கணீரென ஒலிக்கும். அரித்த எஃகு மந்தமாக ஒலிக்கும். பின்முனையிலுள்ள குறுக்குச் சட்டம், பக்கவாட்டில் கைபோல் நீண்டு உடலைத் தாங்கும் தாங்கிகள், பட்டை ஸ்பிரிங்குகள் மாட்டியுள்ள இடங்கள் ஆகியவை முதலிற் கெடுவன. எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையே நிற்கும் தடுப்புச் சுவரும் எஃகே. அதன் அடியில், கால் வைக்கும் குழிகளும் கதவுத் தூண்களின் அடிப்பகுதியும் விரைவில் ஓட்டையாகும். விற்பவர் தார் போன்ற கரிய பூச்சை அடியில் தடித்துப் பூசியிருந்தால் ஐயுறுதல் வேண்டும். காப்புக்காகப் பூசினாரோ மறைப்புக்காகப் பூசினாரோ, சுரண்டிப் பார்த்தாலன்றித் தெரியாது.

அலுமினியத்திற்கும் ஒரு நோய் உண்டு. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையே ஈரமும் இருப்பின், அங்கு மின்கலத்தில் நிகழ்வது போன்ற வேதிமாற்றம் நிகழும். இரண்டனுள் விரைந்து வினைபுரியும் உலோகம் கரைந்து மற்றொன்றைக் காக்கும். அலுமினியம் இரும்பைவிட விரைந்து வினைபுரிவது. ஆகவே எஃகு ஆணியும் எஃகுச் சட்டமும் தொடும் இடங்களில் அலுமினியத் தகடு வெண்பொடியாக உதிரும். கடற்காற்று வீசும் ஊர்களில் உப்பு இதனை மேலும் விரைவுபடுத்தும். மீட்டமைப்போர் இரு உலோகங்களுக்கும் இடையே காப்புப் பூச்சோ மெல்லிய தடுப்போ வைத்துப் பொருத்துவதன் காரணம் இதுவே. பள்ளி மாணவர்க்கு மின்கலம் கற்பிக்கும் ஆசிரியர் எடுத்துக்காட்டத்தக்க கண்கூடான பாடம் இது.

மற்ற உறுப்புகள்

எஞ்சின் ஓடவில்லையே என்று அஞ்ச வேண்டியதில்லை. அது சுழல்கின்றதா என்பதே முதற்கேள்வி. இவ்வண்டிகளில் முன்புறம் கைப்பிடி செருகிச் சுழற்றும் வசதி உண்டு. கையால் சுழற்றும்போது எஞ்சின் தடையின்றிச் சுழன்று, ஒவ்வோர் உருளையிலும் அழுத்தம் தோன்றினால் நம்பிக்கை கொள்ளலாம். முற்றும் இறுகியிருப்பின் செலவு மிகும். முன் சக்கரம் திரும்பும் இடத்தில் குரோமியம் பூசிய பெரிய உருண்டை உண்டு. அதன் மேற்பரப்பு குழி விழுந்திருப்பின் எண்ணெய் ஒழுகும். கியர் தானே நழுவுதல், திசைமாற்றும் தண்டு கடினமாதல் ஆகியவற்றையும் காண வேண்டும். பழைய லேண்ட் ரோவரின் அடியில் எண்ணெய் சொட்டவில்லையென்றால் உள்ளே எண்ணெய் இல்லை என்று பொருள் என அவ்வண்டி வைத்திருப்போர் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு.

மூன்று செய்திகள் புதியவர்க்கு முன்னரே தெரிந்திருத்தல் நலம். முதலாவது, தொடக்க கால வண்டிகளில் மின்கலத்தின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். 1960-களின் பிற்பகுதியிலேயே எதிர்முனை இணைக்கும் இற்றைநாள் முறை வந்தது. இதை அறியாது மாற்றி இணைத்தால் மின்னுறுப்புகள் கெடும். இரண்டாவது, பழைய பிரேக்குப் பட்டைகளிலும் கிளட்சுத் தட்டிலும் கல்நார் கலந்திருக்கக் கூடும். அத்தூளை ஊதுவதும் உலர்ந்த தூரிகையால் துடைப்பதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, மூடிய உறையிலிட்டு அகற்றுதல் வேண்டும். மூன்றாவது, இவ்வெஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வகுக்கப்பட்டவை. அப்பெட்ரோல் இப்போது கிடைப்பதில்லை. எஞ்சினைப் பிரிக்கும்போதே, வால்வு அமரும் இடத்தில் கடின உலோக வளையங்களை இடுவது வழக்கம்.

மற்றொரு தொல்லை திருகாணிகளைப் பற்றியது. தொடக்க கால வண்டிகளில் பழைய பிரிட்டிஷ் மரை முறை ஆளப்பட்டது. பின்னர் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒப்புக்கொண்ட பொது முறை கலந்தது. மீட்டர் அளவு அதற்கும் பின்னர் வந்தது. ஒரே வண்டியில் இம்மூன்றும் அண்டை அண்டையாக இருக்கக் கூடும். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் ஆணியை வேறு மரையில் வலிந்து முடுக்கினால் இரண்டும் கெடும். ஒலி ஒத்திருப்பதைக் கண்டு சொல்லின் வேர் ஒன்றெனக் கொள்வது எத்துணைப் பிழையோ, அத்துணைப் பிழை இதுவும்.

செலவும் பொறுமையும்

வாங்கும் விலை விதை நெல்லின் விலையே ஆகும். நிலத்தை உழுது, நீர் பாய்ச்சி, களை பறிக்கும் செலவு பின்னர்த்தான் வரும். மலிவாகக் கிடைக்கின்றது என்று பாதி உறுப்புகளை இழந்த வண்டியை வாங்குவோர், சிறு கைப்பிடிக்கும் கண்ணாடிச் சட்டத்திற்கும் ஆண்டுக்கணக்கில் அலைவர். சற்றே விலை மிகுந்தாலும் உறுப்புக் குறையாத வண்டியே முடிவில் மலிவாகும்.

தொடங்கிய பணி முடிவுறாது நிற்பதே இத்துறையில் மிகுதியாகக் காணும் இடர். ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் 1948-இல் நின்ற முன்னோடி வண்டிகளுள் ஒன்றுக்கே இக்கதி நேர்ந்தது. 1960-களில் சாலையை விட்டு நீங்கிய அது, வேல்ஸ் நாட்டு வயலொன்றில் இருபது ஆண்டு கிடந்தது. பின்னர் மீட்டமைக்கும் எண்ணத்துடன் ஒருவர் அதனை வாங்கினார். பணி முற்றுப்பெறவில்லை. தான் பிறந்த சொலிஹல் தொழிற்சாலைக்குச் சில மைல் தொலைவிலேயே, ஒரு வீட்டுத் தோட்டத்தில் அது மறைந்து கிடந்தது. அதன் சிறப்பு வெளிப்பட்ட பின்னர், 2018-ஆம் ஆண்டில் லேண்ட் ரோவர் நிறுவனமே அதனை மீட்டமைக்கப் போவதாக அறிவித்தது. பிரித்துப் போட்டுக் கைவிட்ட வண்டி, பிரிக்காது விட்ட வண்டியினும் கெட்ட நிலையை அடையும். ஆணிகள் தொலையும்; எது எங்கிருந்தது என்னும் நினைவும் மறையும்.

ஆகவே பணிக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். கழற்றுமுன் ஒவ்வொரு பகுதியையும் படம் பிடித்தல். கழற்றிய ஆணிகளைப் பெயரெழுதிய பைகளில் இடுதல். ஒரு பகுதியைப் பிரித்துச் செப்பனிட்டு முடித்த பின்னரே அடுத்ததைத் தொடுதல் ஆகியவை முதற்படி. அடிச்சட்டம், பிரேக்கு, திசைமாற்றி என்னும் உயிர்காப்பு உறுப்புகள் முதலில். எஞ்சினும் கியர்ப் பெட்டியும் அடுத்து. மின்கம்பிகள் அதன் பின். மேலுடலும் வண்ணமும் இறுதியில். பலர் வண்ணத்தில் தொடங்கி விடுகின்றனர். அது கட்டுரை எழுதுமுன் அட்டைக்கு ஓவியம் தீட்டுவதை ஒக்கும்.

எதனை மாற்றுவது, எதனை விடுவது

இங்குத்தான் இத்துறையின் மெய்யான வினா எழுகின்றது. துத்தநாகம் பூசிய புதிய அடிச்சட்டம் இன்று விலைக்குக் கிடைக்கின்றது. தடுப்புச் சுவரும் கிடைக்கின்றது. கதவுகளும் தகடுகளும் கிடைக்கின்றன. யாவற்றையும் மாற்றிய பின் எஞ்சுவது எண் பொறித்த தகடு மட்டுமாயின், அதனைப் பழைய வண்டி என்று அழைப்பது பொருந்துமா? மாற்றாமல் விட்டாலோ, துருப்பிடித்த சட்டம் ஓட்டுவோர் உயிருக்கே உலை வைக்கும்.

இவ்வினா தமிழாசிரியர்க்குப் புதியதன்று. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தோர் எதிர்கொண்ட வினாவே இது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். செல்லரித்த ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, வேறுபட்ட பாடங்களையும் காட்டுவது அவர் பதிப்புநெறியாக அமைந்தது. சிதைந்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பிப் புலவர் வாக்கென்று காட்டுவது நல்ல பதிப்பாசிரியர் செயலன்று. அவ்வாறே, பாதுகாப்புக்கு இன்றியமையாத உறுப்பைத் தயங்காது மாற்றுதல் வேண்டும். மாற்றியதை மறைக்காது குறித்தல் வேண்டும். கெடாத உறுப்பைப் பளபளப்புக்காக எறியாதிருத்தல் வேண்டும். மேலே கூறிய 1948-ஆம் ஆண்டு வண்டியை மீட்டமைக்கும்போது, அதன்மீது அந்நாளில் பூசிய இளம்பச்சை வண்ணத்தையும் உறுப்புகளின் பழமைத் தோற்றத்தையும் காப்பதாகவே அதனைச் செய்த நிறுவனமும் அறிவித்தது. புதிதாகவே ஒன்றைச் செய்யவல்ல நிறுவனம் பழைய பூச்சைப் போற்றியது எண்ணத்தக்கது.

மலேசியத் தோட்டங்களில் உழைத்த வண்டிகளுக்கு இந்நெறி இன்னும் ஆழ்ந்த பொருளுடையது. அவ்வண்டிகளை ஓட்டியவருள்ளும், தோட்டப் பட்டறைகளில் செப்பனிட்டவருள்ளும் தமிழர் பலர் இருந்தனர். புதிய உறுப்பு வரும்வரை காத்திராது, கையிலிருந்த இரும்பைக் காய்ச்சி அடித்து அவர்கள் இட்ட ஒட்டுகள் பழைய வண்டிகளில் இன்றும் காணப்படலாம். தொழிற்சாலை ஏடுகளின்படி பார்த்தால் அந்த ஒட்டு ஒரு பிழை, நீக்கத்தக்கது. தோட்ட வரலாற்றின்படி பார்த்தால் அஃது ஒரு கையெழுத்து. தோட்டத் தொழிலாளர் தம் வாழ்வை ஏட்டில் எழுதி வைத்தது மிகச் சிறிதே. அவர் கைபட்ட பொருள்கள் சிலவே அதற்குச் சான்றாக எஞ்சியுள்ளன. அத்தகைய ஒட்டு வலிமையுடையதாயின் அவ்வாறே விடலாம். வலிமையற்றதாயின், படம் பிடித்து, எத்தோட்டத்து வண்டி, யார் ஓட்டியது, யார் செப்பனிட்டது என்று கேட்டறிந்து எழுதி வைத்த பின்னரே நீக்குதல் முறை. ஓட்டிய முதியோர் உயிருடன் இருக்கும்போதே கேட்டல் வேண்டும். உறுப்பை வெளிநாட்டிலிருந்தும் வரவழைக்கலாம். நினைவை அவ்வாறு வரவழைத்தல் இயலாது.

புதுப்பித்தல் என்பது பழையதை நீக்கிப் புதியதை வைப்பது. மீட்டமைத்தல் என்பது பழையதைப் பழையதாகவே மறுபடியும் பயன்படச் செய்வது. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை உணர்ந்து பணியில் இறங்குவோர்க்குத் துருப்பிடித்த லேண்ட் ரோவர் ஒரு நல்லாசிரியன். உலோகத்தின் இயல்பையும், பொறியின் ஒழுங்கையும், கைத்தொழிலாளரின் திறனையும் அது கற்பிக்கும். விடுமுறை நாள்களில் பட்டறையொன்றில் அத்தகைய வண்டியின் முன் சில மாணவர்களை நிறுத்தி, சுத்தியலால் தட்டி ஒலி வேறுபாட்டைக் கேட்கச் செய்தால், நூலில் படித்தது கையிலும் செவியிலும் பதியும். அவ்வண்டி மீண்டும் ஓடுவது ஒரு பயன். அதனை ஓடச் செய்வோர் கற்பது மற்றொரு பயன்.